பெரிலின் சனிக்கிழமைகள்

நார்லேன், ஜீலாங், ஆஸ்திரேலியா
14 ஏப்ரல் 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெரில். நானும் நார்மனும் குட்டி கரோலும் இங்கே சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு ஐடா கொண்டுவரும் சூப்பை முகம் சுளிக்காமல் குடியுங்கள். பாவம், நல்ல மனசு, கைப்பக்குவம்தான் கிடையாது.

அம்மா போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. அந்த வீட்டில் நீங்கள் ஒண்டியாக உட்கார்ந்து கெட்டிலோடு பேசிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நார்மன் உங்களை வரவழைக்கும் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னறைக்கு நானே வெள்ளை அடித்தேன். கிளம்பி வந்துவிடுங்கள் அப்பா.

போன கடிதத்தில், "அங்கே சனிக்கிழமை மத்தியானம் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதமே. நம் ஊரில் ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில், எந்த ஆட்டம் சமன் ஆகும் என்று நீங்கள் குறி போடும் பந்தயச் சீட்டில் ஆஸ்திரேலிய அணிகளின் பெயர் வருமே, அதில் க்ரீக் ரோவர்ஸ் என்று ஒன்று உண்டல்லவா? அவர்கள் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்! சுத்தமான கால்பந்து, நம்முடையதேதான். சனிக்கிழமை தவறாமல் போகிறோம். உங்களுக்கும் வேலி ஓரமாக ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

கரோல் தன் பந்தைப் பற்றி ஏதோ எழுத வேண்டும் என்றாள். அப்புறம் எழுதலாம் என்று அடக்கிவிட்டேன்.

மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் பெரில்


ரோச்டேல்
2 மே 1968

என் கண்ணு பெரிலுக்கு,

அப்பா இருக்கிறேன். இருமலும் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் காலம் தள்ளுகிறோம். நார்மனுக்கு வேலை எப்படி? பேத்திக்குப் பல் விழுந்ததாமே, முளைத்துவிட்டதா?

க்ரீக் ரோவர்ஸா! அடிப்பாவி, பத்துக் கோடையாக அந்தக் கும்பலை நம்பி 'சமன் ஆகும்' என்று குறி போடுகிறேன். ஒரு தடவையாவது மானத்தைக் காப்பாற்றினார்களா? நான் சமன் என்று போட்டால் ஜெயிப்பான்கள், ஜெயிப்பான் என்று போட்டால் படுத்துவிடுவான்கள். அவர்கள் நிஜமான மனிதர்கள் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மதுக்கடையில் ஆர்னல்டிடம் சொன்னேன். அவன் வாய் சும்மா இருக்குமா?

"யோவ் வால்டர், அந்த ஊர்ல பந்து முட்டை மாதிரி இருக்குமாம்யா. கையில தூக்கிட்டு ஓடுவானுங்களாம். நீ போயி என்னத்தப் பாக்கப்போற?"

"என் பொண்ணு பாக்கறா. அவ பாக்கற ஆட்டம் நல்ல ஆட்டமாத்தான் இருக்கும்," என்றேன்.

நீ கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனபோதுகூட சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாய். அந்த ஒன்று அங்கே கிடைக்குமென்றால் எனக்கு எந்த நாடாக இருந்தால் என்ன? தாள்களை அனுப்பச் சொல். அதுவரை ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுது. யாருக்காகக் கத்தப்போகிறோம் என்று தெரிய வேண்டாமா?

ஐடா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா


நார்லேன்
20 மே 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டேன். நார்மன் அடுப்பில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார். எல்லோரும் நலம். கரோலுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல்.

சனிக்கிழமை ரோவர்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இடது ஓர ஆட்டக்காரன் பறக்கிறான் அப்பா. கோல்காவலர் கொஞ்சம் குண்டு, ஆனால் கை நல்ல கை. ஜூன் முதல் தேதி ஆட்டம் சமன் ஆகும் என்று தோன்றுகிறது.

எதிர்வீட்டு டல்ஸியைப் பற்றி எழுதினேனா? இந்த ஊரிலேயே பிறந்தவள், வாய் என்றால் வாய். சனிக்கிழமை அவளோடுதான் நிற்பேன். ஃப்ளாஸ்கில் டீ, கையில் கம்பளி நூல். ஊசி ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் பாதிப்பேர் பெண்கள்தான். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

குடியேற்றத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மான்செஸ்டருக்கு அழைப்பார்கள். போகும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

பெரில்


ரோச்டேல்
3 ஜூன் 1968

என் கண்ணு பெரிலுக்கு,

நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நலம் என்று சொல்லிவிடு. தாள்களைப் போட்டாயிற்று. இருபத்தைந்தாம் தேதி மான்செஸ்டரில் டாக்டர். என் சூட்டை ஐடா எடுத்துப்போய்த் துவைத்தாள். இப்போது அது சுருங்கி அவள் தம்பிக்குத்தான் சரியாக இருக்கும்.

நீ சொன்னபடி ரோவர்ஸுக்கு சமன் என்று குறி போட்டேன். பலித்துவிட்டது! ஆர்னல்டுக்கு முகம் செத்துவிட்டது.

பெண்கள் பின்னிக்கொண்டே கால்பந்து பார்க்கிறார்களா? நல்ல ஊர். இங்கே நீ ஒருத்திதானே நின்றாய்.

ஒன்று கேட்கிறேன். அந்த இடது ஓரக்காரன் எந்தக் காலால் பந்தை உள்ளே அனுப்புகிறான்? பின்வரிசை எப்படி? இதையெல்லாம் நீ எழுதாமல் விடமாட்டாயே. ஆறு வயதிலேயே கோல்காவலர் நிற்கிற இடம் தப்பு என்று எனக்குக் காட்டியவள் நீ. அடுத்ததை விவரமாக எழுது.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. குளிர்காலமோ? எனக்கு இந்தத் தலைகீழ் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா


நார்லேன்
17 ஜூன் 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்களுக்குச் சளி தவிர வேறு குறையில்லை. வாரம் பூராவும் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

நீங்கள் கேட்டபடி விவரமாக எழுதுகிறேன். சனிக்கிழமை ஒரே சேறு. முதல் பாதியில் எதிரணி ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு நம் இடது ஓரக்காரன் வலது காலால் பந்தைத் தூக்கி உள்ளே போட, நடு ஆட்டக்காரன் தலையால் முட்டினான், சமன். கடைசி நிமிடத்தில் குண்டு கோல்காவலர் சேற்றில் நீச்சலடிக்கிற மாதிரி விழுந்து ஒரு பந்தைத் தடுத்தார் பாருங்கள், நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். ஒன்றுக்கு ஒன்று. என் காலணிக்குள் இன்னும் தண்ணீர்.

டாக்டரிடம் இருமலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பின்னறைக்குத் திரை தைத்துவிட்டேன். நீலம்.

பெரில்


ரோச்டேல்
1 ஜூலை 1968

பெரிலுக்கு,

நலம்தான். மான்செஸ்டர் போய்வந்தேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஊர் அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் பதினைந்தாம் தேதி க்ரீக் ரோவர்ஸ் மைதானம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததாம். ஆட்டமே நடக்கவில்லை என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான். பந்தயச் சீட்டிலும் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆர்னல்டு படித்துக் காட்டினான்.

குண்டு கோல்காவலரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

சனிக்கிழமைகளில் நீ எங்கேம்மா இருக்கிறாய்?

அப்பா


நார்லேன்
9 ஜூலை 1968

என் அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. சௌக்கியமா அப்பா?

நான் ரோவர்ஸ் ஆட்டத்துக்குப் போன வருடம் இரண்டு தடவை போனதோடு சரி. சனிக்கிழமைகளில் ஃபுட்டி பார்க்கிறேன். ஆர்னல்டு சொன்ன அந்த முட்டைப் பந்துதான். கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான். முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரு நாதி கிடையாது. நார்மன் ஆலைக்குப் போய்விடுவார். டல்ஸிதான் ஒருநாள், "வீட்டுக்குள்ள குந்திக்கிட்டு என்னடி பண்ற, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டம் ஒன்றுமே புரியவில்லை. ஆட்டம் முடிய அரை நிமிடம், இரண்டு பக்கமும் சமம். எதிரணிக்காரன் உதைத்த பந்து நடுக் கம்பங்களுக்குள் போகாமல் பக்கத்தில் விலகிப் போனது. நான் எழுந்து நின்று கைதட்டி, "அப்பாடா, தப்பிச்சோம்!" என்று கத்தினேன். சங்கு ஊதிவிட்டது. சுற்றியிருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே, நீ யாரு கட்சிடி?" என்றாள் டல்ஸி.

"பந்து வெளியதானே போச்சு?"

"பக்கத்துக் கம்பத்துக்குள்ள போனாலும் இங்க ஒரு பாயின்ட் உண்டுடி! அந்த ஒண்ணுலதான் நாம தோத்தோம். அதுக்குப் போயி கைதட்டறா பாரு!"

பின்வரிசையில் ஒரு பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "புதுசா வந்த இங்கிலீஷ்காரி, விடுங்கடி" என்று என் கையில் சூடாக ஒரு இறைச்சிப் பணியாரத்தைத் திணித்தாள். அப்பா, இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன்.

நம் ஊரில் நான் ஒருத்திதான். "சின்னப்புள்ள நிக்குது, வாய அடக்குங்கடா" என்பார்கள். வளர்ந்த பிறகு, "வீட்ல வேலை இல்லையாம்மா?" என்பார்கள். உங்களுக்குக் கேட்காத மாதிரி நீங்கள் ஆட்டத்தையே பார்ப்பீர்கள், எனக்கும் கேட்காத மாதிரி நானும் பார்ப்பேன். இங்கே யாரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. கரோலை அங்கே விட்டால் அவள் பாட்டுக்கு விளையாடுகிறாள்.

இதைச் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். நமக்குள் இருந்தது அந்தப் பந்து ஒன்றுதானே, அதையும் நான் விட்டுவிட்டேன் என்று நினைப்பீர்களோ என்று. அதனால்தான் புளுகினேன். வாருங்கள் அப்பா. வந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களோடு ரோவர்ஸுக்கே வருகிறேன். சத்தியமாக.

பெரில்


ரோச்டேல்
12 ஆகஸ்ட் 1968

பெரிலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் வருவதாக இல்லை. யோசித்துத்தான் சொல்கிறேன். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாட்டில் இந்த வயதில் போய் என்னால் இருக்க முடியாது. நார்மனிடம் சொல்லிவிடு, அவன் பட்ட சிரமத்துக்கு நன்றி. பின்னறையில் யாரையாவது வாடகைக்கு வையுங்கள்.

இங்கே ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. முதல் ஆட்டம் நன்றாக இருந்ததாக ஆர்னல்டு வந்து சொன்னான்.

கரோலுக்கு முத்தம்.

அப்பா


நார்லேன்
26 ஆகஸ்ட் 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரே கோபம் வந்துவிட்டது. ஒரு பந்துக்காகவா பெற்ற மகள் வேண்டாம் என்றாகிவிட்டது? அப்புறம், முதலில் பொய் சொன்னவள் நான்தானே என்று கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது.

உங்கள் பதிலுக்குக் காத்திருந்த நாளிலிருந்தே, மூன்று வாரமாக ஃபுட்டிக்குப் போகவில்லை. கரோலைக் கூட்டிக்கொண்டு நிஜமாகவே ரோவர்ஸ் ஆட்டத்துக்குப் போகிறேன். அப்பா, கோல்காவலர் குண்டில்லை. ஒட்டடைக் குச்சி. இடது ஓரக்காரன் பறக்கவில்லை, நொண்டுகிறான். போன சனிக்கிழமை கோலே விழாமல் முடிந்தது. இரண்டு மணிநேரம் எலும்பைத் துளைக்கிற குளிர்காற்று. கூட்டமென்று இருநூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு இத்தாலியக் கிழவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் காப்பி கொடுத்தார். கரோல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி டல்ஸியின் ஃபுட்டி அணிக்கு இறுதியாட்டம். "நீ வரலன்னா நான் யாரைத் திட்றது?" என்று வாசலில் வந்து நின்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வந்தால் இந்தக் குளிரில் ஆயுசு முழுக்க நிற்பேன். இது பொய்யில்லை. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பெரில்


ரோச்டேல்
8 செப்டம்பர் 1968

என் கண்ணு பெரிலுக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதப்போவதில்லை.

உன் கடிதத்தை ஐடாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சூப்புப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"புள்ள அங்க குளிர்ல வெறைச்சு நிக்குது. நீ இங்க கல்லு மாதிரி குந்தியிருக்க. நீயெல்லாம் ஒரு அப்பனா? இன்னிக்கு நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?"

நானே எழுதுகிறேன். அவள் கையெழுத்து உனக்குப் புரியாது.

மான்செஸ்டரில் அந்த டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். உன்னைவிடச் சின்ன வயது, மரியாதையான பையன். "எத்தனை வருஷம் ஆலையில இருந்தீங்க ஐயா?" என்றான். பதிமூன்று வயதிலிருந்து பஞ்சு சிக்கெடுக்கிற அறையில்தான் என்றேன். அவ்வளவு தூசியும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜூலை கடைசியில் ஆஸ்திரேலியக்காரனிடமிருந்து பதில் வந்தது. இந்த நெஞ்சை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். நான் வராமலிருக்கவில்லை பெரில். என்னை விடவில்லை.

அதை உனக்கு எப்படி எழுதுவது? வெள்ளையடித்த அறையையும் நீலத் திரையையும் வைத்துக்கொண்டு நீ அழுவாய் என்று உன் ஃபுட்டி மேல் பழியைப் போட்டேன். அது திருப்பிப் பேசாது பார். நீ என்மேல் கோபப்பட்டால் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ போய்க் குளிரில் நிற்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முட்டாள் கிழவன்.

பயப்படாதே, நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. மைதானத்து மேட்டில்தான் ஏற முடியவில்லை. ஆட்டத்தை ஆர்னல்டு வந்து சொல்கிறான். அவனுக்குப் பந்தும் தெரியாது, சொல்லவும் தெரியாது.

உன்னை ஒன்று கேட்கிறேன். ரோவர்ஸை விடு. டல்ஸியோடு இறுதியாட்டத்துக்குப் போ. போய் ஒன்று விடாமல் பார்த்து எனக்கு எழுது. எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது, முதலிலிருந்து சொல்லிக்கொடு. எத்தனை பேர்? பந்தை யார் முதலில் தொடுவது? தப்பாக உதைத்தவனுக்கும் ஏன் ஒரு பாயின்ட் கொடுக்கிறார்கள், அவர்களுக்கென்ன பைத்தியமா? உன் சனிக்கிழமை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா


நார்லேன்
22 செப்டம்பர் 1968

என் அப்பாவுக்கு,

என்ன சுகம் விசாரிப்பது? அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டல்ஸி வந்து ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் பேசாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். உங்களைப் பார்க்க எப்போது வரமுடியும் என்று நானும் நார்மனும் பேசிக்கொண்டிருக்கிறோம். தேதி சொல்லமாட்டேன். உங்களிடம் இனி நடக்காததைச் சொல்வதாக இல்லை.

சரி, பாடம். மைதானம் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, கோழிமுட்டை மாதிரி. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார், எழும்பும்போது இரண்டு நெட்டையன்கள் குதிப்பார்கள். ஆட்டம் நான்கு பாகம், நடுவில் மூன்று இடைவேளை. கோல் பக்கம் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் போனால் ஆறு பாயின்ட், ஓரத்தில் போனால் ஒன்று. அங்கே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். மாட்டு டாக்டர் இல்லை, அவர்தான் கொடி ஆட்டி கணக்குச் சொல்கிறவர். ஓரத்தில் போனதற்கு ஏன் ஒரு பாயின்ட் என்று டல்ஸியிடம் கேட்டேன். "கிட்ட வந்துட்டான்ல, பாவம்" என்றாள்.

நம் அணி நீலமும் வெள்ளையும். இரண்டாம் எண் ஆட்டக்காரன் பால் வண்டி ஓட்டுகிறவன், அவனைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இறுதியாட்டத்தைத் தனியாக நான்கு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பாகத்துக்கு ஒன்று. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

பெரில்


ரோச்டேல்
5 அக்டோபர் 1968, சனிக்கிழமை

என் கண்ணு பெரிலுக்கு,

மருந்து சாப்பிடுகிறேன். கசப்பு. உங்கள் மூவருக்கும் சுகம்தானே?

உன் உறை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பாடத்தை மட்டும் படித்தேன். நான்கு தாளையும் அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை யாராவது ஆட்டம் பார்ப்பார்களா?

இன்றைக்கு மூன்று மணிக்குக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். முதல் தாளில் நம் பயல்கள் தூங்குகிறார்கள். படித்து முடித்ததும் எழுந்து காலை நீட்டிக்கொண்டேன். இரண்டாம் தாளில் பால் வண்டிக்காரன் நான்கு பேர் தலைக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான் பார், நான் போட்ட சத்தத்தில் ஐடா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்துவிட்டாள்.

"என்னய்யா ஆச்சு? வீட்டுக்குள்ள எதுக்குக் கோட்டு?"

"ஆட்டம் நடக்குது. டீ போட்டுட்டு உக்காரு."

மூன்றாம் தாளை அவளுக்கும் சேர்த்து உரக்கப் படித்தேன். பாதியில் மூச்சு வாங்கியது, அவள் வாங்கிப் படித்தாள். பதினோரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். ஓரத்தில் போய்ப் போய் விழுகிறது, கிட்ட வந்துவிடுகிறார்கள், பாவம். இப்போது இடைவேளை. அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஐடாவுக்குப் பொறுக்கவில்லை. "கடைசித் தாளோட அடியில பாத்தா யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சிடுமேய்யா!" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே. எம்பொண்ணு இன்னும் அங்க நின்னுக்கிட்டுதான் இருக்கா," என்றேன்.

பேனாவை வைக்கிறேன் கண்ணு. ஆட்கள் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள்.

அப்பா